சிறுநீரக ஆஞ்சியோமயோலிப்போமா: காத்திருப்பதா, ரத்தக்குழாயை அடைப்பதா, அறுவை சிகிச்சையா, மாத்திரையா?

வேறு எதற்காகவோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தான் பலருக்கும் இந்தக் கட்டி தெரியவருகிறது. சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருக்கிறது, பெயர் ஆஞ்சியோமயோலிப்போமா, புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். பெரும்பாலானவர்களுக்கு அந்த வார்த்தை கடைசிவரை பொய்க்காது. ஒரு சிலருக்கு மட்டும் அதே வகைத் திசு நிணநீர் முடிச்சிலோ, நுரையீரலிலோ, கல்லீரலிலோ தென்படும். சாதாரணக் கட்டி என்றார்களே, பிறகு எப்படி வேறு உறுப்புக்குப் போனது என்று நோயாளியும் வீட்டாரும் திகைத்துப்போவார்கள். ஒரு மருத்துவர் ஆபரேஷன் என்பார். இன்னொருவர் ரத்தக்குழாயை அடைக்கலாம் என்பார். மூன்றாமவர் மாத்திரை போதும் என்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைகளில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கட்டி எந்த வகை, அது ஒன்றா பலவா, ரத்தம் கசியும் அபாயம் எவ்வளவு ஆகிய மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் தேர்வு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். அந்தப் பதில்கள் கையில் இல்லாமல் சிறுநீரகத்தை எடுத்துவிடச் சம்மதிப்பதுதான் இந்த நோயில் நடக்கக்கூடிய மிகப் பெரிய இழப்பு.

முதலில் கட்டியைப் பற்றி

ரத்தக்குழாய்கள், மென்தசை, கொழுப்பு மூன்றும் கலந்து உருவானது இந்தக் கட்டி. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எந்தப் பரம்பரைக் காரணமும் இன்றித் தனியாக வருகிறது. மீதமுள்ளவர்களுக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயுடனோ, எல்.ஏ.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுரையீரல் நோயுடனோ சேர்ந்து வருகிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருப்பது வழக்கம். இளம் வயதிலேயே தொடங்கி வளரவும் செய்யும்.

கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களின் சுவர் ஒழுங்காக அமைவதில்லை. அங்கங்கே புடைத்துக்கொள்ளும். புடைப்பு வெடித்தால் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் பெருகி, விலாவில் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சாதாரண வகைக் கட்டியில் பயப்பட வேண்டியது பரவலைப் பார்த்தல்ல, ரத்தக்கசிவைப் பார்த்து.

"பரவியிருக்கிறது" என்றால் நான்கு பொருள்

ஸ்கேன் அறிக்கையில் வேறு உறுப்பிலும் கட்டி என்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம் இல்லை. நான்கு வெவ்வேறு நிலைமைகள் ஒரே வரியில் ஒளிந்திருக்கக்கூடும். சிகிச்சையை நிர்ணயிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒன்று, பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் அதே திசு. ஆபரேஷனில் எடுத்த முடிச்சில் கொழுப்பும் தசையும் ரத்தக்குழாயும் கலந்த திசு தெரியும். மற்றக் கட்டிகளில் இப்படித் தெரிந்தால் புற்றுநோய் பரவிவிட்டது என்றே முடிவு செய்வார்கள். வழக்கமான வகை ஆஞ்சியோமயோலிப்போமாவில் அப்படிக் கொள்வதில்லை. பல இடங்களில் ஒரே சமயத்தில் தோன்றியதாகவே நோய்க்குறியியலாளர்கள் நெடுங்காலமாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள்.

இரண்டு, சிறுநீரகச் சிரைக்குள்ளும், அங்கிருந்து உடலின் பெரிய சிரைக்குள்ளும் கட்டி வளர்ந்து நுழைவது. அரிதாக இதயத்தின் வலது மேலறை வரைகூட எட்டியிருக்கிறது. செல்கள் சாதாரண வகையாகவே இருந்தாலும் இந்த நிலையில் காத்திருக்க முடியாது. துண்டு உடைந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும் ஆபத்து இருக்கிறது. மேலும், சிரைக்குள் புகுந்த கட்டி எபிதெலியாய்டு வகையாக (நான்காவதாகச் சொல்லப்போகும், புற்றுநோயைப்போல நடந்துகொள்ளக்கூடிய வகை) இருக்கலாம் என்ற சந்தேகமும் எழ வேண்டும்.

மூன்று, எல்.ஏ.எம். ஏறக்குறைய பெண்களையே தாக்கும் நோய் இது. நுரையீரல் முழுவதும் சிறுசிறு காற்றுப் பைகள் உருவாகும். மூச்சிரைப்பு வரும், நுரையீரல் சுருங்கி மார்புக்குள் காற்று நிறையும், சில சமயம் மார்புக்குள் நிணநீர் தேங்கும். நுரையீரலில் உள்ள செல்களிலும் அதே நோயாளியின் சிறுநீரகக் கட்டியிலும் ஒரே மரபணு மாற்றம் இருப்பது 2000-இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. மாற்று நுரையீரல் பொருத்திய பிறகும், பொருத்தப்பட்ட நுரையீரலில் நோயாளியின் சொந்த எல்.ஏ.எம். செல்கள் குடியேறியிருப்பது பின்னர் காணப்பட்டது. நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் செல்கள் உடலுக்குள் பயணம் செய்கின்றன என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. சாதாரணக் கட்டி, புற்றுநோய் என்ற இரண்டே பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது என்று நான் நம்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நான்கு, எபிதெலியாய்டு ஆஞ்சியோமயோலிப்போமா. உலக சுகாதார நிறுவனத்தின் 2004 வகைப்பாடு இதைத் தனியாகப் பிரித்துச் சொன்னது. இதில் கொழுப்பு குறைவு அல்லது அறவே இருக்காது. பெரிய, வடிவம் மாறிய செல்கள் நிறைந்திருக்கும். உண்மையிலேயே புற்றுநோயைப்போல நடந்துகொள்ளக்கூடிய வகை இதுதான். நிணநீர் முடிச்சு, கல்லீரல், நுரையீரல், எலும்பு வரை போகலாம். எல்லா எபிதெலியாய்டு கட்டிகளும் பரவுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள ஒருவருக்குக் கல்லீரலில் இன்னொரு ஆஞ்சியோமயோலிப்போமா இருந்தால் அது சிறுநீரகத்திலிருந்து போனதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நோயில் மூளை, தோல், இதயம், கண் என்று உறுப்புக்கு உறுப்பு தனித்தனியாகக் கட்டிகள் தோன்றும்.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது

சி.டி. ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ கட்டிக்குள் கொழுப்பு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயாப்சி தேவைப்படாது. கொழுப்பு தெரியாத கட்டிதான் சிக்கல். அது கொழுப்பு குறைந்த சாதாரண ஆஞ்சியோமயோலிப்போமாவாகவும் இருக்கலாம், எபிதெலியாய்டு வகையாகவும் இருக்கலாம், சிறுநீரகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அங்கே பயாப்சி எடுப்பதே நல்லது. திசுவில் எச்.எம்.பி.-45, மெலன்-ஏ ஆகிய சாயங்கள் ஏறி, கெரட்டின், பாக்ஸ்-8 சாயங்கள் ஏறாமல் இருந்தால் ஆஞ்சியோமயோலிப்போமா சேர்ந்த பெகோமா குடும்பத்துக் கட்டி என்று கொள்ளலாம். முதல் இரண்டு சாயங்களும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் ஏறும் என்பதால், இந்த வகைத் திசுக்களைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியலாளரிடம் இரண்டாவது கருத்து வாங்குவது வீண் செலவு ஆகாது.

பல கட்டிகள் இருந்தாலோ, இரு சிறுநீரகங்களிலும் இருந்தாலோ, இளம் வயதாக இருந்தாலோ டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்: முகத்தில் சிறு முடிச்சுகள், தோலில் வெளுத்த திட்டுகள், வலிப்பு வந்த வரலாறு, டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 மரபணுப் பரிசோதனை. அந்த நோய் உள்ள வயதுவந்த பெண்களுக்கு நுரையீரலுக்கும் சி.டி. தேவை. ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப்.-டி என்ற புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 800 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்து, சி.டி.யும் பொருந்திவந்தால், நுரையீரலில் பயாப்சி எடுக்காமலேயே எல்.ஏ.எம். என்று உறுதிசெய்யலாம்.

காத்திருந்து கண்காணிப்பது

தனியாக வந்த, சிறிய, கொழுப்பு தெளிவாகத் தெரிகிற, தொந்தரவு தராத கட்டிக்கு இதுவே சரியான தேர்வு. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் பெரும்பாலான ஆஞ்சியோமயோலிப்போமாக்களுக்குக் கண்காணிப்பையே முன்வைக்கிறது. பலருடைய கட்டி வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும், அல்லது மிக மெதுவாக வளரும்.

4 செ.மீ. தாண்டினால் சிகிச்சை என்ற விதி 1980களில் வந்தது. இன்றும் பல அறிக்கைகளில் அதைப் பார்க்கலாம். பெரிய கட்டிகளைக் கண்காணித்த பிந்தைய ஆய்வுகளில், 4 செ.மீ.க்கு மேல் இருந்தும் ரத்தம் கசியாதவர்களே அதிகம் என்று தெரிந்தது. ஆகவே அளவை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதை நான் ஏற்கமாட்டேன். கட்டிக்குள் உள்ள ரத்தக்குழாய்ப் புடைப்பு 5 மி.மீ.யைத் தொட்டிருக்கிறதா என்பது அளவைவிடக் கூர்மையான எச்சரிக்கை.

காத்திருக்கக் கூடாதவர்கள் சிலர் உண்டு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்குப் பெரிய கட்டி இருந்தால் முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். கர்ப்பகாலத்தில் கட்டி வளர்ந்து வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிற்றில் அடிபடக்கூடிய வேலை செய்கிறவர்கள், அவசரத்துக்கு மருத்துவமனை எட்டாத தொலைவில் இருப்பவர்கள் ஆகியோரும் அப்படித்தான். இவர்களுக்கு 4 செ.மீ.யே போதுமான காரணமாக இருக்கலாம்.

ரத்தக்குழாயை அடைப்பது

எம்போலைசேஷன் என்பது தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை மட்டும் நுண்துகள்களாலோ, ஆல்கஹாலாலோ, சிறு கம்பிச்சுருளாலோ நிறுத்துவது. ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது இதற்கு நிகரான சிகிச்சை கிடையாது. வயிற்றைத் திறக்காமல் கசிவு நிற்கும், சிறுநீரகமும் மிஞ்சும். அவசரத்தில் வயிற்றைத் திறந்தால் பெரும்பாலும் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடும்படி ஆகிறது. ஆகவே கசிவோடு போகிறவர்களை, முடிந்தால், இந்த வசதி உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும்.

கசிவு இல்லாத பெரிய கட்டிக்கும் முன்னெச்சரிக்கையாக இதைச் செய்யலாம். பிறகு சில நாள் காய்ச்சலும் வலியும் குமட்டலும் வருவது சகஜம். ஸ்டீராய்டு கொடுத்து அதைத் தணிக்கலாம். குறைகள் மூன்று. ரத்தக்குழாய்ப் பகுதி சுருங்குகிற அளவுக்குக் கொழுப்புப் பகுதி சுருங்காது. புதிய குழாய்கள் வளர்ந்து மறுபடியும் அடைக்க வேண்டிவரலாம். மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: இதில் பரிசோதனைக்குத் திசு எதுவும் கிடைக்காது. எபிதெலியாய்டு என்ற சந்தேகம் இருக்கும் கட்டியை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அறுவை சிகிச்சை

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது ஒரு வகை. முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஆபரேஷன் என்ற ஒரே சொல்லால் சொல்லி நோயாளியிடம் கையெழுத்து வாங்கும்போது குழப்பம் நேர்கிறது. எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

பகுதியை மட்டும் எடுப்பதால் கட்டி முழுதாகப் போகும், அதே இடத்தில் திரும்ப வருவது குறைவு, முழுத் திசுவும் பரிசோதனைக்குக் கிடைக்கும். ஒரே கட்டி, வசதியான இடம், வகையில் சந்தேகம் என்ற மூன்றும் சேர்ந்தால் நான் அடைப்பதைவிட இதையே மேலாகக் கருதுவேன். ரத்தப்போக்கு, சிறுநீர்க் கசிவு, சிறுநீரகச் செயல்திறனில் ஓரளவு குறைவு ஆகியவை இதன் விலை.

முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது மற்ற வழிகள் எல்லாம் மூடிய பிறகுதான்: உயிருக்கு ஆபத்தான கசிவு வேறெப்படியும் நிற்காதபோது, சிரைக்குள் கட்டி புகுந்திருக்கும்போது, சிறுநீரகத்தின் பெரும்பகுதியை எபிதெலியாய்டு கட்டி பிடித்துக்கொண்டிருக்கும்போது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு பக்கத்தை எடுத்தால், இன்னொரு பக்கத்திலும் கட்டிகள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு காலத்தில் டயாலிசிஸ் தேவைப்படலாம். அந்த நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல் முழுச் சிறுநீரகத்தை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

கட்டியைச் சூட்டாலோ குளிராலோ கருக்கும் முறைகளும் உண்டு. அவை சிறிய கட்டிகளுக்கே நன்றாக வேலை செய்யும். சிறிய கட்டிகளுக்கோ பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. ஆகையால் அவற்றுக்கு இங்கே இடம் குறைவு.

மாத்திரை

டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 மரபணுக்கள் தரும் புரதங்கள் சேர்ந்து, செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்ற புரதத்துக்குக் கடிவாளமாக இருக்கின்றன. மரபணு கெட்டால் கடிவாளம் அறுந்து செல்கள் பெருகும். எவரோலிமஸ், சிரோலிமஸ் ஆகிய மருந்துகள் எம்டாரை நேரடியாக அடக்குகின்றன.

2013-இல் லான்செட் இதழில் வந்த எக்ஸிஸ்ட்-2 ஆய்வில் 118 பேர் பங்கேற்றார்கள். அநேகமாக எல்லோரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள். எவரோலிமஸ் சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கட்டிகளின் மொத்தக் கன அளவு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. அந்த நோயில் 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவரும், தொந்தரவு தராத கட்டிக்கு முதல் சிகிச்சை மாத்திரைதான் என்று வழிகாட்டுதல் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சிரோலிமஸை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கட்டி சராசரியாக ஆரம்ப அளவின் 53 சதவீதமாகச் சுருங்கியது. மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆனதும் 86 சதவீதத்துக்கு மீண்டும் வளர்ந்துவிட்டது. ஆகவே இது ஒரு முறை முடித்துவிட்டுப் போகும் சிகிச்சை ஆகாது; ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. வாய்ப்புண் மிகவும் சகஜம். கொழுப்புச்சத்து உயர்வது, சிறுநீரில் புரதம் போவது, தொற்று வருவது, மாதவிடாய் தவறுவது, அரிதாக நுரையீரல் அழற்சி ஆகியவையும் உண்டு. கர்ப்பத்தில் சாப்பிடக் கூடாது. ஆறாத புண் இருந்தாலோ ஆபரேஷன் நெருங்கினாலோ நிறுத்த வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், கார்பமசெபின் போன்றவை ரத்தத்தில் இதன் அளவைக் குறைத்துவிடும். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள பலர் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

நுரையீரலில் எல்.ஏ.எம். இருக்கும்போது தராசு மாத்திரையின் பக்கம் நன்றாகவே சாய்ந்துவிடுகிறது. 2011-இல் வெளியான மைல்ஸ் ஆய்வில் சிரோலிமஸ் நுரையீரல் செயல்திறன் சரிவதைத் தடுத்தது. 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த நோய்க்கு அதை அனுமதித்தது. ஒரே மருந்து சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பார்த்துக்கொள்ளும்போது, சிறுநீரகக் கட்டிக்கு மட்டும் தனியாகக் கத்தி வைப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். மாறாக, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸும் எல்.ஏ.எம்.மும் இல்லாத ஒருவருக்குத் தனியாக வந்த கட்டிக்கு மாத்திரை வழக்கமான சிகிச்சை இல்லை. ஒரு முறை அடைத்தாலோ வெட்டினாலோ முடிகிற வேலைக்குப் பல வருட மருந்தைச் சுமப்பது ஏன்?

எபிதெலியாய்டு என்று உறுதியானால்

இங்கே கணக்கே வேறு. சிறுநீரகத்துக்குள்ளேயே நிற்கும் கட்டியை அறுவை செய்து முழுதாக எடுப்பதுதான் முதல் தேர்வு. அடைத்துவைப்பதோ, வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதோ சரிவராது. எடுத்த பிறகு அறிக்கையில் எந்தெந்த அம்சங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 7 செ.மீ.க்கு மேற்பட்ட அளவு, திசு அழுகல், சிறுநீரகத்துக்கு வெளியே அல்லது சிரைக்குள் பரவல், புற்றுநோயைப்போன்ற அடர்ந்த வளர்ச்சி அமைப்பு, கூடவே டியூபரஸ் ஸ்கிளிரோசிஸோ வேறொரு ஆஞ்சியோமயோலிப்போமாவோ இருப்பது: 2011-இல் 41 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு சொன்ன ஐந்து எச்சரிக்கைகள் இவை. ஒன்றோ ஒன்றும் இல்லாமலோ இருந்தால் அபாயம் குறைவு. நான்கு அல்லது ஐந்து இருந்தால் அதிகம். எபிதெலியாய்டு என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கலங்குவதைவிட, இந்த ஐந்தில் எத்தனை என்று மருத்துவரிடம் கேட்பது உதவும். சில ஆண்டுகள் கழித்தும் திரும்ப வந்திருப்பதால், வயிற்றுக்கும் மார்புக்கும் நீண்டகாலத்துக்கு ஸ்கேன் எடுத்துவர வேண்டும்.

ஏற்கெனவே பரவியிருந்தால்? ஓரிரு இடங்களில் மட்டும் என்றால் அவற்றையும் அறுத்தெடுப்பதைப் பற்றிப் பேசலாம். அப்படி முடியாதபோது, வழக்கமான கீமோதெரபியைவிட எம்டாரை அடக்கும் மருந்துகளுக்கே நான் முன்னுரிமை தருவேன். நோயின் வேரே பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அல்புமின் புரதத்தோடு இணைத்துச் சிரையில் ஏற்றும் சிரோலிமஸை, பெகோமா குடும்பத்துப் புற்றுக்கட்டிகளுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 31 பேரில் 39 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, டி.எஸ்.சி.2 மரபணு மாற்றம் இருந்த 9 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இவ்வளவு அரிய நோயில் இந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே ஆபரேஷன் முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மெழுகில் பதித்த திசுவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அல்லது முறைப்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி பிறகு எங்காவது தலைகாட்டினால், எந்த மருந்து பலன் தரும் என்பதை அறியச் செய்யும் மரபணுப் பரிசோதனைக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் திசுதான்.